மாத்திரை போட்டும் வலிப்பு நிக்கலையா? பெரியவங்களுக்கு மருந்து தாண்டி இருக்கிற வழிகள், எதை முதல்ல கேக்கணும், எதைக் கடைசியா கேக்கணும்

வலிப்புக்கு மருந்தில்லாம வைத்தியம் இருக்கான்னு தேடுற நிறைய பேர் மனசுக்குள்ள ஓடுற கேள்வி "இந்த மாத்திரையை எப்ப விடலாம்"ங்கறதுதான். நியாயமான கேள்விதான், எப்பப் பாரு தூக்கம், ஞாபக மறதி, வெயிட் ஏறுது, கை நடுங்குது, யாருக்குத்தான் பிடிக்கும். ஆனா கீழ வரப்போற சர்ஜரி, டிவைஸ், டயட், தெரபி எதுவுமே மாத்திரைக்குப் பதிலா ஆரம்பிக்கிற விஷயம் இல்ல, மாத்திரையோட சேர்த்துப் பண்றது. நல்லா வேலை செஞ்சா அப்புறமா டாக்டர் டோஸை மெதுவா குறைப்பார், அவ்வளவுதான். நீங்களா திடீர்னு நிறுத்தினா ஒரு வலிப்பு முடியறதுக்குள்ள அடுத்ததுன்னு நிக்காம வர்ற நிலைமைக்குப் போயிடலாம், ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்னு சொல்வாங்க, அது உயிருக்கே ஆபத்து. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

இது யாருக்கு? உலகத்துல சுமார் 5 கோடி பேருக்கு எபிலெப்ஸி, அதாவது வலிப்பு நோய், இருக்கு, சரியா கண்டுபிடிச்சு சரியா மருந்து குடுத்தா அதுல 70 சதவீதம் பேர் வரைக்கும் வலிப்பே இல்லாம இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மிச்சம் இருக்கிற 30 சதவீதத்துக்குத்தான் இந்த வழிகாட்டி. 2000ல வந்த ஒரு ஸ்காட்லாந்து ஆய்வு இதுல ரொம்ப பிரபலம், புதுசா வலிப்பு வந்தவங்கள்ல முதல் மருந்துலயே 47 சதவீதம் பேருக்கு நின்னுடுச்சு, ரெண்டாவது மருந்துல இன்னொரு 13 சதவீதம், மூணாவது மருந்தோ ரெண்டு மருந்தைச் சேர்த்தோ குடுத்தப்போ வெறும் 4 சதவீதம். இந்த 47, 13, 4 தான் முக்கியம். ரெண்டு மருந்து தோத்துப்போச்சுன்னா மூணாவது, நாலாவது, அஞ்சாவதுன்னு மாத்திக்கிட்டே வருஷத்தை ஓட்டறதுல பெருசா பலன் இல்ல, அதனாலதான் சர்வதேச எபிலெப்ஸி அமைப்பு 2010லயே "பொருத்தமான ரெண்டு மருந்தை சரியான டோஸ்ல குடுத்தும் நிக்கலைன்னா அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு"ன்னு வரையறை பண்ணிடுச்சு. அந்தக் கோட்டைத் தாண்டினவுடனே வேற வழி பத்திப் பேச ஆரம்பிக்கணும்.

படி 1: உண்மையிலேயே மருந்துக்கு அடங்காத வலிப்புதானான்னு உறுதி பண்ணுங்க

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறாங்க. மருந்து வேலை செய்யலைன்னு தோணுறதுக்குப் பின்னாடி வேற காரணங்கள் இருக்கலாம். வாரத்துல ரெண்டு வேளை மறந்துபோறது, நைட் டோஸை லேட்டா போடறது, இது ரொம்ப சாதாரணமா நடக்கிறது, வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அடுத்தது வலிப்பு வகைக்கு ஒத்துவராத மருந்து, உதாரணமா ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸின்னு ஒன்னு, காலையில எழுந்தவுடனே கை வெட்டி வெட்டி இழுக்கும், பல் தேய்க்கிற பிரஷ் கையை விட்டுப் பறக்கும், அதுக்கு கார்பமசெபைன் குடுத்தா குறையாது, சில பேருக்கு அதிகமே ஆகும்.

மூணாவதா, அது எபிலெப்ஸியே இல்லாம இருக்கலாம். மயக்கம், இதயத் துடிப்புக் கோளாறு, இல்ல ஃபங்ஷனல் சீஷர்னு சொல்ற வகை. இந்தக் கடைசி வகையில மூளையில மின்சாரக் கோளாறு இருக்காது, ஆனா உடம்பு நிஜமாவே வெட்டும், நினைவும் நிஜமாவே போகும். அது நடிப்பு இல்ல, தயவுசெஞ்சு யாரையும் அப்படிச் சொல்லாதீங்க. பெரிய எபிலெப்ஸி சென்டர்களுக்கு அனுப்பப்படறவங்கள்ல கணிசமான பேருக்கு இதுதான்னு தெரியவருது, அவங்களுக்கு வலிப்பு மாத்திரை எத்தனை போட்டாலும் நிக்காது, வைத்தியம் சைக்கோதெரபிதான். சில பேருக்கு ரெண்டுமே சேர்ந்தும் இருக்கும்.

இதைப் பிரிச்சுக் காட்டறது வீடியோ ஈஈஜி, அதாவது மூளையோட மின் அலையையும் உடம்பு அசைவையும் ஒரே நேரத்துல பதிவு பண்ற டெஸ்ட். ஆஸ்பத்திரியில சில நாள் தங்கவச்சு, தலையில ஒயரை ஒட்டி, கேமராவும் ஓட விட்டு, சில சமயம் அவங்க கண்காணிப்புலயே மருந்தைக் குறைச்சு, வலிப்பு வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. அதுக்கு முன்னாடியே வீட்டுல இருக்கறவங்க ஃபோன்ல எடுக்கிற வீடியோ ரொம்ப உதவும், நியூராலஜிஸ்ட்டுக்கு நீங்க பத்து நிமிஷம் விளக்கறதைவிட அரை நிமிஷ வீடியோ அதிகமா சொல்லும். எடுக்கும்போது முகம், ரெண்டு கை, ரெண்டு காலும் ஃப்ரேமுக்குள்ள வரணும், போர்வையை விலக்கிடுங்க, லைட்டைப் போடுங்க. கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியற மாதிரி கிட்டப் போங்க (வலிப்புல பெரும்பாலும் திறந்திருக்கும், ஃபங்ஷனல்ல பெரும்பாலும் இறுக்கி மூடியிருக்கும்). எந்தக் கை முதல்ல இழுத்துச்சு, தலை எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு வாயால சொல்லிக்கிட்டே எடுங்க. பேரைக் கேளுங்க, கையைத் தூக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் கேமராவை ஆஃப் பண்ணிடாதீங்க, பேச்சு திரும்ப எவ்வளவு நேரம் ஆகுது, ஒரு பக்கம் கை தளர்ந்திருக்கான்னு அதுக்கப்புறம்தான் தெரியும், மூளையோட எந்தப் பக்கத்துல கோளாறுன்னு அதுலயே ஒரு துப்பு கிடைக்கும்.

படி 2: சர்ஜரி முடியுமான்னு கேளுங்க. ஆமா, இவ்வளவு சீக்கிரமாவே

எல்லாரும் இதைக் கடைசியா வச்சிருக்காங்க, நான் ரெண்டாவதா வைக்கிறேன். காரணம் சிம்பிள், இந்த லிஸ்ட்ல வலிப்பை முழுசா நிறுத்தற வாய்ப்பு அதிகம் இருக்கிறது இதுக்கு மட்டும்தான், மத்த எல்லாமே குறைக்கிற வைத்தியம். ஆனா வலிப்பு ஆரம்பிச்சதுல இருந்து சர்ஜரி டேபிள் வரைக்கும் வர சராசரியா 20 வருஷம் கிட்ட ஆகுதுன்னு பல நாட்டு டாக்டர்களும் புலம்பறாங்க, அதுக்குள்ள படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அடி வாங்கியிருக்கும். 2022ல சர்வதேச அமைப்பு இதைத் தெளிவாவே சொல்லிடுச்சு, மருந்துக்கு அடங்கலைன்னு உறுதியானவுடனே, 70 வயசு வரைக்கும், சர்ஜரி எவாலுவேஷனுக்கு அனுப்புங்கன்னு. எவாலுவேஷனுக்குப் போறதுன்னா சர்ஜரி பண்ணிக்க ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல, இதைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதி பயம் போயிடும்.

யாருக்கு சரிவரும்னா, வலிப்பு மூளையில ஒரே இடத்துல ஆரம்பிக்கணும், அந்த இடத்தை எடுத்தா பேச்சு, கை கால், ஞாபகம் பெருசா போயிடக்கூடாது. பெரியவங்கள்ல அதிகமா பண்றது டெம்போரல் லோப், அதாவது காதுக்கு நேர் உள்ள இருக்கிற பகுதி, அங்க ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதி சுருங்கி தழும்பு மாதிரி ஆயிருக்கும். வயித்துல இருந்து ஏதோ எழும்பி தொண்டைக்கு வர்ற மாதிரி ஒரு உணர்வு, அப்புறம் வெறிச்சுப் பாக்கறது, வாயை மெல்லறது, துணியைப் பிசையறது, இது அந்த வகையோட அடையாளம். 2001ல கனடாவுல 80 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரு வருஷம் கழிச்சு சர்ஜரி பக்கம் 58 சதவீதம் பேருக்கு நினைவு தப்புற வலிப்பு இல்ல, மருந்து மட்டும் பக்கம் 8 சதவீதம். மருந்து பக்கத்துல ஒருத்தர் இறந்தும் போனார். சர்ஜரி ரிஸ்க்குன்னு சொல்றோம், சும்மா இருக்கறதுலயும் ரிஸ்க் இருக்குங்கறதை மறந்துடறோம்.

எவாலுவேஷன்ல என்ன நடக்கும்? மறுபடி வீடியோ ஈஈஜி, அப்புறம் எபிலெப்ஸிக்குன்னே எடுக்கிற எம்ஆர்ஐ. சாதாரண எம்ஆர்ஐ நார்மல்னு வந்திருந்தா அதோட நின்னுடாதீங்க, மெல்லிசு மெல்லிசா ஸ்லைஸ் எடுத்து, எபிலெப்ஸி பாத்துப் பழகின கண்ணு பாத்தா அதே மூளையில சின்ன டிஸ்பிளேசியா, அதாவது பிறக்கறதுக்கு முன்னாடியே சரியா உருவாகாத மூளைத் திட்டு, தெரியவர்றது உண்டு. தேவைப்பட்டா மூளை எங்க எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற பெட், ஸ்பெக்ட் ஸ்கேன்கள். பேச்சு எந்தப் பக்கம்னு பாக்க ஃபங்ஷனல் எம்ஆர்ஐ, ஞாபக சக்தியை அளக்க சில மணி நேர நியூரோசைக்காலஜி டெஸ்ட். இதுலயும் பிடிபடலைன்னா மண்டையோட்டுல சின்னச் சின்ன ஓட்டை போட்டு மெல்லிசான எலக்ட்ரோடு இறக்கி உள்ள இருந்தே பாப்பாங்க, ஸ்டீரியோ ஈஈஜின்னு பேரு.

நஷ்டக் கணக்கையும் சொல்லணும். டெம்போரல் சர்ஜரிக்கப்புறம் பார்வையில எதிர்ப்பக்க மேல் மூலை கொஞ்சம் மறையலாம், நிறைய பேருக்கு அது தெரியக்கூட தெரியாது, ஆனா டிரைவிங் லைசென்ஸுக்கு சில நாட்டுல பாதிக்கும். பேச்சு இருக்கிற பக்கம்னா, பெரும்பாலானவங்களுக்கு அது இடது பக்கம், பேர் ஞாபகம் வர்றது குறையலாம். சர்ஜரிக்கு முன்னாடி ஞாபகம் எவ்வளவு நல்லா இருக்கோ அவ்வளவு இழக்க இருக்குங்கறதுதான் இதுல இருக்கிற முரண். வருஷங்கள் போகப் போக சில பேருக்கு வலிப்பு திரும்புது, 5 வருஷத்துக்கு அப்புறமும் ஏறக்குறைய பாதிப் பேர் நல்லா இருக்காங்க. மாத்திரையை உடனே நிறுத்த மாட்டாங்க, வலிப்பில்லாம ஒன்னு ரெண்டு வருஷமாவது போன பிறகு ஒன்னொன்னா குறைப்பாங்க, சில பேர் கம்மி டோஸ்லயே இருந்துக்கறாங்க.

மண்டையைத் திறக்காம லேசர் முறையும் இருக்கு, மெல்லிசான ஃபைபரை உள்ள விட்டு எம்ஆர்ஐயில வெப்பத்தைப் பாத்துக்கிட்டே அந்த இடத்தை மட்டும் சுடறது. வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், பேர் ஞாபகம் கொஞ்சம் தப்பிக்குது, ஆனா வலிப்பை நிறுத்தறதுல திறந்து பண்றதைவிட ஒரு படி கீழன்னுதான் பொதுவா பாக்கறாங்க. திடீர்னு மரம் சாயற மாதிரி விழுந்து மண்டையை உடைச்சுக்கறவங்களுக்கு கார்பஸ் கலோசாட்டமின்னு ஒன்னு, ரெண்டு பக்க மூளையை இணைக்கிற பாலத்தை வெட்டறது. விழறது குறையும், வலிப்பு முழுசா நிக்கறது அபூர்வம்.

டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தயங்கறவங்க இப்படியே கேளுங்க: "டாக்டர், ரெண்டு மருந்து பாத்தாச்சு, எபிலெப்ஸி சர்ஜரி எவாலுவேஷனுக்கு ரெஃபர் பண்ணுவீங்களா? வேண்டாம்னா என்ன காரணம்?" அந்த ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில்தான் உங்களுக்கு வேணும்.

படி 3: சர்ஜரி இல்லைன்னா டிவைஸ்

மூணு வகை, மூணுக்கும் பொதுவான விஷயம் ஒன்னு, பலன் மாசக் கணக்குல இல்ல, வருஷக் கணக்குல ஏறும். ஆறு மாசத்துல ஒன்னும் ஆகலைன்னு மனசு விட்டுடாதீங்க.

விஎன்எஸ் (வேகஸ் நரம்பைத் தூண்டற கருவி): இடது காலர் எலும்புக்குக் கீழ தோலுக்கடியில ஒரு சின்ன பேட்டரி, அதுல இருந்து ஒரு ஒயர் கழுத்துல இருக்கிற இடது வேகஸ் நரம்பைச் சுத்தி. மூளையைத் தொடறதே இல்ல. அமெரிக்காவுல 1997ல அனுமதி கிடைச்சது. வழக்கமான செட்டிங்ல 30 செகண்ட் ஓடும், 5 நிமிஷம் நிக்கும், நாள் முழுக்க இப்படியே, அளவை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவார். கையில ஒரு காந்தம் குடுப்பாங்க, வலிப்பு வரப்போகுதுன்னு தெரிஞ்சவுடனே நெஞ்சுல அந்த இடத்துக்கு மேல ஒரு தடவை இழுத்தா கூடுதலா ஒரு டோஸ் பாயும், கூட இருக்கறவங்களும் இழுக்கலாம். சில பேருக்கு அந்த வலிப்பு பாதியிலயே அடங்கும். தொந்தரவுன்னா அந்த 30 செகண்ட்ல குரல் கரகரக்கும், இருமல், தொண்டையில ஒரு மாதிரி. மீட்டிங்ல பேசணும், பாடணும்னா காந்தத்தை அது மேலயே வச்சா வச்சிருக்கிற வரைக்கும் நின்னிருக்கும், டாக்டர்கிட்ட இந்த வித்தையை முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க. எதிர்பார்ப்பு என்னன்னா ரெண்டு மூணு வருஷத்துல பாதிப் பேருக்கு வலிப்பு பாதியா குறையும், முழுசா நிக்கறவங்க ரொம்ப கம்மி. சில பேருக்கு மனச்சோர்வும் குறையுது, அது ஒரு போனஸ். எம்ஆர்ஐ எடுக்கணும்னா முன்னாடியே சொல்லணும்.

டிபிஎஸ் (மூளையோட ஆழத்தைத் தூண்டற கருவி): இது மூளைக்குள்ளயே, நடுவுல இருக்கிற தாலமஸ்ங்கற பகுதியோட முன்பக்கத்துல ரெண்டு பக்கமும் எலக்ட்ரோடு, பேட்டரி நெஞ்சுல. 110 பேர் வச்சுப் பண்ண ஆய்வு 2010ல வந்துச்சு, 5 வருஷம் முடிஞ்சப்போ நடுமட்டமா (பாதிப் பேருக்கு இதுக்கு மேல, பாதிப் பேருக்கு இதுக்குக் கீழ) 69 சதவீதம் வலிப்பு குறைஞ்சிருந்துச்சு. மனச்சோர்வும் ஞாபகப் பிரச்சனையும் வரலாம், ஏற்கனவே டிப்ரஷன் இருந்தா கட்டாயம் சொல்லிடுங்க.

ஆர்என்எஸ் (வலிப்பு கிளம்பறப்ப மட்டும் பதில் குடுக்கிற கருவி): என் பார்வையில மூணுலயும் இதுதான் புத்திசாலி. மண்டையோட்டுலயே பதிச்சு, வலிப்பு ஆரம்பிக்கிற ஒன்னு ரெண்டு இடத்துல எலக்ட்ரோடு வச்சு, எந்நேரமும் மூளை அலையைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும், கிளம்பறப்பவே ஒரு சின்ன கரண்ட் குடுத்து அமுக்கப் பாக்கும். அதுவே பதிவும் பண்ணி வைக்கறதால டாக்டருக்கு மாசக்கணக்கான ஈஈஜி கையில கிடைக்கும். 9 வருஷத்துல நடுமட்டக் குறைவு 75 சதவீதம். 2013ல அமெரிக்காவுல 18 வயசுக்கு மேல அனுமதிச்சாங்க, எல்லா நாட்டுலயும் கிடைக்காதுங்கறதுதான் கஷ்டம்.

வெளியில இருந்தே காந்தம், லேசான கரண்ட் குடுக்கிற டிஎம்எஸ், டிடிசிஎஸ் எல்லாம் வலிப்பைப் பொறுத்தவரை இன்னும் ஆராய்ச்சி நிலைமைதான். ஆன்லைன்ல தலையில மாட்டிக்கிற மிஷின் வாங்கி நீங்களே ட்ரை பண்ண வேண்டாம்.

படி 4: கீட்டோ டயட், ஆனா வெயிட் குறைக்கிற கீட்டோ இல்ல

1921ல மேயோ கிளினிக்ல ரஸ்ஸல் வைல்டர்னு ஒரு டாக்டர், பட்டினி கிடந்தா வலிப்பு குறையுதே, பட்டினி இல்லாமலே அந்த நிலைமையை, அதாவது உடம்பு மாவுச்சத்துக்குப் பதிலா கொழுப்பை எரிச்சு கீட்டோன்ங்கற பொருளை உண்டாக்கறதை, வரவைக்க முடியுமான்னு யோசிச்சு ஆரம்பிச்சது இது. 1938ல ஃபெனிடாயின்ங்கற வலிப்பு மருந்து வந்ததும் டயட்டை எல்லாரும் மறந்துட்டாங்க, மாத்திரை முழுங்கறது சுலபமாச்சே. அப்புறம் 1990கள்ல திரும்பி வந்துச்சு. கிளாசிக் கீட்டோங்கறது 4 பங்கு கொழுப்புக்கு 1 பங்கு புரதமும் மாவுச்சத்தும், கிராம் கிராமா எடை போட்டு சாப்பிடணும், பெரியவங்களால தாங்கறது கஷ்டம். அதனால பெரியவங்களுக்கு பெரும்பாலும் மாடிஃபைடு அட்கின்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல உருவானது, ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 கிராமுக்குள்ள, கொழுப்பு தாராளமா, புரதத்துக்குக் கட்டுப்பாடு இல்ல.

20 கிராம்னா எவ்வளவுன்னு தெரியாம ஆரம்பிக்காதீங்க. ஒரு நடுத்தர வாழைப்பழத்துலயே அதுக்கு மேல போயிடும், ஒரு கப் சாதத்துல 45 கிராம் கிட்ட இருக்கு, அதாவது அரைக் கப் சாதத்தோட அன்னைக்குக் கோட்டா காலி, அப்புறம் பால், காய், இருமல் சிரப் எதுக்கும் இடம் இல்ல. சிரப்பைச் சும்மா சொல்லலை, நிறைய திரவ மருந்துல சர்க்கரை இருக்கு, ஃபார்மசிஸ்ட்கிட்ட கேளுங்க.

எப்படி ஆரம்பிக்கறது? முதல்ல நியூராலஜிஸ்ட்டும் இந்த டயட்டுல பழக்கமுள்ள டயட்டீஷியனும் வேணும், யூடியூபைப் பாத்து வேண்டாம். கொலஸ்ட்ரால், லிவர், கிட்னி ரத்தப் பரிசோதனை. கார்னிடைன் (கொழுப்பை எரிக்க உடம்புக்குத் தேவையான ஒரு பொருள்) குறைபாடு, கொழுப்பை எரிக்கிற என்சைம் குறைபாடு, போர்ஃபைரியாங்கற பரம்பரை நோய் இருந்தா இந்த டயட் கூடவே கூடாது. கர்ப்பமா இருந்தாலோ பிளான் இருந்தாலோ சொல்லணும். டோபிரமேட், சோனிசமைடுங்கற வலிப்பு மாத்திரை போடறவங்களுக்கு கிட்னி ஸ்டோன் வாய்ப்பு கூடும், தண்ணி நிறைய குடிக்கணும். சுகர் இருந்து, சிறுநீர் வழியா சர்க்கரையை வெளியேத்தற எஸ்ஜிஎல்டி2 மாத்திரை போடறவங்க கீட்டோ ஆரம்பிச்சா கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் அளவுக்கு மீறி ரத்தம் அமிலமாகற, ஆபத்து இருக்கு, இன்சுலின் போடறவங்களும் டாக்டரைக் கேக்காம ஒரு வேளைகூட மாத்தக்கூடாது.

முதல் வாரம் தலைவலி, அசதி, குமட்டல் வரும், பயப்படாதீங்க. மலச்சிக்கல் தொடர்ந்து தொல்லை குடுக்கும். கால்சியம், மல்டிவைட்டமின் மாத்திரை கட்டாயம். சிறுநீர் ஸ்டிரிப்ல கீட்டோன் பாத்து டைரியில எழுதுங்க. மூணு மாசம் ஒழுங்கா பண்ணுங்க, மாத்திரையை மாத்தாம, அப்பத்தான் எதனால என்ன ஆச்சுன்னு தெரியும். மூணு மாசத்துல ஒன்னுமே இல்லைன்னா மெதுவா வெளிய வந்துடலாம், ஒரே நாள்ல விருந்து சாப்பிட்டு நிறுத்தக்கூடாது.

பலன் எவ்வளவு? டெல்லி எய்ம்ஸ்ல 160 பேர், டீனேஜர்களும் பெரியவங்களும், வச்சுப் பண்ணி 2023ல வெளியிட்ட ஆய்வுல ஆறு மாசத்துல 26 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல குறைஞ்சுது, டயட் இல்லாதவங்கள்ல 3 சதவீதத்துக்கும் கம்மி. நாலுல ஒருத்தருக்கு, சும்மா சொல்லக்கூடாது, நல்ல பலன்தான். ஆனா கடைப்பிடிக்கறது சுலபமில்ல, பாதியில விடறவங்க எல்லா ஆய்வுலயும் நிறைய. வீட்டுல சமைக்கறவங்க ஒத்துக்காம இது நடக்காது, அவங்களையும் டயட்டீஷியன் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

படி 5: எது தூண்டுதுன்னு கண்டுபிடிங்க

இதுக்குக் காசு வேண்டாம், டாக்டர் வேண்டாம், இன்னைக்கே ஆரம்பிக்கலாம். வலிப்பு டைரி. தேதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடுச்சு, அதுக்கு முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, டோஸ் விட்டுச்சா, காய்ச்சல், மது, பெரிய டென்ஷன், பெண்களுக்கு மாதவிடாய் எத்தனாவது நாள். ரெண்டு மூணு மாசத்துல ஒரு பேட்டர்ன் தெரியும். மாதவிடாயைச் சுத்தி மட்டும் கூடுதுன்னு தெரிஞ்சா அந்த நாளுக்கு மட்டும் டாக்டர் வைத்தியத்தை மாத்திக்குடுக்க வழி இருக்கு, டைரி இல்லாம இது யாருக்கும் பிடிபடாது.

தூக்கக் குறைவுதான் தூண்டறதுல பெரிய ஆளு. நைட் ஷிஃப்ட் மாத்தி மாத்திப் போறவங்க, டாக்டர் லெட்டரோட ஷிஃப்ட்டை மாத்தக் கேளுங்க. குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதுன்னா ஸ்லீப் அப்னியா டெஸ்ட் பண்ணுங்க, தூங்கும்போது மாஸ்க் வழியா காத்து குடுக்கிற சிபாப் மிஷின் போட்டதும் சில பேருக்கு வலிப்பும் குறையுது. இதை நிறைய பேர் தேடவே மாட்டேங்கறாங்க. மதுல குடிக்கிற நேரத்தைவிட, நிறைய குடிச்சு நிறுத்தின அடுத்த ரெண்டு நாள்தான் ஆபத்து.

வெளிச்சத்தைப் பத்தி எல்லாரும் பயப்படறாங்க, ஆனா மினுக்கற வெளிச்சத்துல வலிப்பு வர்றது எபிலெப்ஸி உள்ளவங்கள்ல சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான். 1997 டிசம்பர் 16 அன்னைக்கு ஜப்பான்ல போகிமான் கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிச்ச ஒரு காட்சியைப் பாத்து 600க்கு மேல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, இந்த பயம் பரவினதுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. உங்களுக்கு அந்த வகை இருக்கான்னு ஈஈஜியிலயே லைட் அடிச்சுப் பாத்திருப்பாங்க, ரிப்போர்ட்டைப் பாருங்க. இருந்தா, திடீர்னு மினுக்கினா கண்ணை மூடாதீங்க, இமை வழியாவும் வெளிச்சம் போகும், ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசா மறைச்சுட்டு வேற பக்கம் திரும்புங்க. சில பேருக்கு தலையில சூடான தண்ணி ஊத்தறது, படிக்கறது, குறிப்பிட்ட சங்கீதம் கூட தூண்டும். சூடு தண்ணி வகைன்னா சூட்டைக் குறைச்சாலே பாதி வைத்தியம் முடிஞ்சுது.

படி 6: வரப்போகுதுன்னு தெரிஞ்சா தடுக்கறது, மனசு, உடற்பயிற்சி

வலிப்புக்கு முன்னாடி ஒரு அறிகுறி, ஆரா, வர்றவங்களுக்கு ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கு. இது புதுசு இல்ல, கையில ஆரம்பிச்சு மேல ஏறுற வலிப்பை கையை இறுக்கிக் கட்டி நிறுத்தறதைப் பத்தி 19ஆம் நூற்றாண்டு டாக்டர்களே எழுதியிருக்காங்க. 1950கள்ல ஒரு பாடகியோட கதை மருத்துவ இதழ்ல வந்துச்சு. அவங்களுக்கு இல்லாத வாசனை வர்ற மாதிரி தோணி வலிப்பு ஆரம்பிக்கும், அந்த நேரத்துல மல்லிகை எசன்ஸை முகர்ந்தா நின்னுடும். அப்புறம் முகரும்போதெல்லாம் ஒரு வளையலைப் பாக்கப் பழக்கினாங்க, கடைசியில வளையலைப் பாத்தாலே, அதை நினைச்சாலே நின்னுச்சு. எல்லாருக்கும் இது நடக்கும்னு இல்ல, ஆனா உங்க ஆரா என்ன, எத்தனை செகண்ட், அப்ப எதைப் பண்ணினா தள்ளிப்போகுதுன்னு கவனிச்சு எழுதுங்க. குறைஞ்சபட்சம் உக்காந்துக்கவாவது நேரம் கிடைக்கும்.

ரிலாக்சேஷன் பத்தி 2018ல ஒரு சுவாரசியமான ரிசல்ட் வந்துச்சு. ஒரு குரூப்புக்கு தசையை இறுக்கித் தளர்த்தற பயிற்சி, இன்னொரு குரூப்புக்கு அதே மாதிரி தோணுற வெறும் பயிற்சி, ரெண்டுக்கும் தினமும் டைரி. முதல் குரூப்ல வலிப்பு 29 சதவீதம் குறைஞ்சுது, ரெண்டாவதுல 25. அப்போ பயிற்சி வேலை செய்யலையான்னா, தினமும் கொஞ்ச நேரம் உக்காந்து தன்னைக் கவனிக்கறதே வேலை செய்யுதோன்னுதான் எனக்குத் தோணுது. யோகா, தியானத்துக்கு ஆய்வுகள் சின்னது, பண்ணலாம், கெடுதல் இல்ல, ஆனா வேகவேகமா மூச்சு விடற பயிற்சி வேண்டாம், ஈஈஜி லேப்லயே வலிப்பை வரவைக்க அப்படித்தான் மூச்சு விடச் சொல்றாங்க.

எபிலெப்ஸி உள்ளவங்களுக்கு டிப்ரஷன், பதட்டம் மத்தவங்களைவிட அதிகம், சில மாத்திரையாலயே மூட் கெடும். சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு தெரபி, வாழ்க்கைத் தரத்தைக் கூட்டுதுன்னு ஆதாரம் இருக்கு, வலிப்பைக் குறைக்குமாங்கறது இன்னும் உறுதியா சொல்ல முடியாத இடத்துல இருக்கு. வலிப்பு குறையாட்டியும் பரவால்ல, மனசு சரியில்லைன்னா அதுக்காகவே போங்க. தற்கொலை எண்ணம் வந்தா காத்திருக்காம உடனே சொல்லுங்க.

நடங்க, ஓடுங்க, ஜிம் போங்க, உடற்பயிற்சியால வலிப்பு கூடறது அபூர்வம். நீச்சல் மட்டும் தனியா கூடாது, கரையில விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்.

படி 7: எதுல ஏமாறக்கூடாது

அக்குபஞ்சர், ஹோமியோபதி வலிப்பை நிறுத்துதுன்னு நம்பகமான ஆதாரம் இல்ல. மூலிகைன்னா கெடுதல் இல்லைன்னு நினைக்காதீங்க. கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் வலிப்பைத் தூண்டக்கூடியது, உள்ளுக்குச் சாப்பிட்டா சொல்லவே வேண்டாம், தடவற பாம்லயும் கலந்திருக்கும், உங்க டைரியில அதுக்கும் ஒரு கட்டம் போடுங்க. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கற மூலிகை சில மருந்தோட அளவை ரத்தத்துல குறைச்சுடும், கிரேப்ஃப்ரூட் கார்பமசெபைன் அளவை ஏத்திடும். பேர் சொல்லாத பொடி குடுத்து "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடு"ன்னு சொல்றவர்கிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.

படி 8: இதெல்லாம் நடக்கற வரைக்கும் பாதுகாப்பு

பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாதீங்க, தொட்டியில படுக்காம ஷவர்ல குளிங்க. அடுப்புல பின்பக்க பர்னரைப் பயன்படுத்துங்க, உயரத்துல ஏறற வேலை வேண்டாம், வண்டி ஓட்டறதுக்கு உங்க நாட்டுச் சட்டம் என்னன்னு பாத்துக்கோங்க. சுடெப்னு ஒன்னு இருக்கு, எபிலெப்ஸி உள்ளவங்களுக்கு எதிர்பாராம வர்ற மரணம், வருஷத்துக்கு பெரியவங்கள்ல 1000 பேருக்கு சுமார் ஒருத்தர். தூக்கத்துல வர்ற பெரிய இழுப்பு வலிப்புகளாலதான் ஆபத்து கூடுது, இதை டாக்டர்கள் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லாம விட்டுடறாங்க, நான் சொல்லணும்னு நினைக்கிறேன். ராத்திரி வலிப்பு வர்றவங்க தனி ரூம்ல கதவைப் பூட்டிட்டுத் தூங்க வேண்டாம், பெரிய இழுப்பைக் கண்டுபிடிச்சு அலாரம் அடிக்கிற கைக்கடிகாரமும் இருக்கு.

வீட்டுலயும் ஆபீஸ்லயும் கூட இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லிக்குடுத்துடுங்க: மணியைப் பாருங்க, தலைக்கடியில மெத்துன்னு ஏதாவது வைங்க, சுத்தி இருக்கிற கூர்மையான பொருளை நகர்த்துங்க, இழுப்பு நின்னதும் ஒரு பக்கமா திருப்பிப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்கக்கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது, முழுசா நினைவு வர்ற வரைக்கும் தண்ணி குடுக்கக்கூடாது. 5 நிமிஷத்துக்கு மேல போனாலோ, நினைவு திரும்பறதுக்குள்ள அடுத்தது வந்தாலோ, தண்ணிக்குள்ள வந்திருந்தாலோ, மூச்சு சரியா திரும்பலைன்னாலோ உடனே ஆம்புலன்ஸ்.